நல்லா இருக்குற நாய்க்கு எதுக்கு டாப்ளர் ஸ்கேன்?

1/ "ஒரு நோயும் இல்லாத நாய்களைப் பிடிச்சு டாப்ளர் ஸ்கேன் பண்ணி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறாங்களாம். வேற வேலை இல்லையா டாக்டர்?" என்று கேட்டார் நண்பர். ரொம்ப அவசியமான வேலைன்னு நான் சொல்வேன். ஏன்னு பார்க்கலாம்.

(நான் மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். உங்க நாய்க்கு கால்நடை மருத்துவர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.)

2/ ரயில்வே கேட்ல நிக்கும்போது கவனிச்சிருப்பீங்க. ரயில் கிட்ட வரும்போது ஹாரன் சத்தம் கீச்சுன்னு இருக்கும், தாண்டிப் போனதும் தணிஞ்சிடும். 1842ல் கிறிஸ்டியன் டாப்ளர் நட்சத்திர ஒளியை விளக்கச் சொன்ன தத்துவம் இதுதான். இன்னைக்கு ரத்த அணுக்கள் மேல பட்டுத் திரும்புற ஒலியை வச்சு, ரத்தம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமா ஓடுதுன்னு பார்க்கிறோம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

3/ வேகத்தை அளக்க கோணம் சரியா இருக்கணும். ரத்தக் குழாய்க்கு நேர் செங்குத்தா ஒலி போனா, ஓடுற ரத்தமும் ஓடாத மாதிரி தெரியும். அதனால 'ஆர்.ஐ.' என்ற விகிதத்தையும் பார்ப்பாங்க. இதயம் சுருங்கும்போது உச்ச வேகம் நொடிக்கு 50 செ.மீ., துடிப்பின் கடைசியில் 20 செ.மீ. என்றால், (50-20)/50 = 0.6. விகிதம் என்பதால் கோணப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப் போயிடும். எண் கூடினா, அந்த உறுப்புக்குள்ள ரத்தம் போக எதிர்ப்பு அதிகம்னு பொதுவா அர்த்தம்.

4/ இப்போ விஷயத்துக்கு வரேன். தெரிஞ்ச வீட்டுல 3 மாசக் குட்டி. ஓடுது, ஆடுது, செருப்பைக் கடிக்குது. 'முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்'னு ஒரு இடத்துல ஸ்கேன் எடுத்திருக்காங்க. சிறுநீரக ஆர்.ஐ. 0.74, 'அதிகம்'னு ரிப்போர்ட். அந்த வீட்டுப் பொண்ணு ரெண்டு நாளா சாப்பிடலை.

5/ ரிப்போர்ட்டைப் பார்த்த அரசு கால்நடை மருத்துவர் கேட்டது ஒரே கேள்வி: "குட்டிக்கு என்ன வயசு?"

0.7ஐ ஒட்டின வரம்பு வளர்ந்த நாய்களுக்கானது. 4 மாசத்துக்குள்ள இருக்குற ஆரோக்கியமான குட்டிகளுக்கு அதைத் தாண்டுறது சகஜம். மனுஷக் குழந்தைகளுக்கும் முதல் வருஷத்துல அப்படி இருக்கலாம். குட்டிக்கு ஒண்ணுமில்லை. தப்பான அளவுகோலை வச்சுப் பார்த்திருக்காங்க.

6/ வயசு மட்டும் இல்லை. சாப்பிட்டதும் குடலுக்குப் போற ரத்தம் கூடும், அங்க எதிர்ப்பு குறையும். மயக்க மருந்து குடுத்தா இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மாறும். மூச்சோட சேர்ந்து துடிப்பு கூடிக் குறையுறது நாய்களுக்கு இயல்பு, அதனால ஒரே ஒரு துடிப்பை அளந்து முடிவுக்கு வரக் கூடாது. பயத்துல மூச்சிரைக்கிற நாயை அளக்கிறதே பெரும்பாடு.

7/ இதெல்லாம் எப்படித் தெரிஞ்சது? யாரோ பொறுமையா உட்கார்ந்து, நல்லா இருக்குற நாய்களைச் சாப்பாட்டுக்கு முன்னாடி, பின்னாடி, வயசு வாரியா அளந்து பார்த்ததாலதான். எது இயல்புன்னு தெரியாம, எது நோய்னு எப்படிச் சொல்றது? படி சரியில்லாத கடையில தராசு எவ்வளவு பளபளப்பா இருந்து என்ன பயன்?

8/ "அப்போ என் நாய்க்கும் வருஷா வருஷம் டாப்ளர் எடுக்கலாமா?" வேண்டாம்! ஆராய்ச்சிக்கு அளக்கிறது வேற, அறிகுறியே இல்லாம பேக்கேஜ்ல அளக்கிறது வேற. கர்ப்பிணிகள் விஷயத்துலயும் இதுதான். குழந்தை வளர்ச்சி குறைவு, ரத்த அழுத்தம் மாதிரி ஆபத்து இருக்குறவங்களுக்கு தொப்புள்கொடி டாப்ளர் உயிர் காக்கும். ஆபத்து இல்லாத எல்லாருக்கும் எடுத்ததுல கூடுதல் பலன் நிரூபணம் ஆகலை. தேவையில்லாத இடத்துல எடுக்கிற டெஸ்ட், பல நேரம் பயத்தைத்தான் கண்டுபிடிக்கும்.

9/ எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொன்னா, ரெண்டே கேள்வி கேளுங்க: "எதைச் சந்தேகப்படுறீங்க? இந்த எண்ணை எந்த வயசு நாயோட ஒப்பிடுறீங்க?"

நல்லா இருக்குற நாய்க்கு செலவு பண்ணணும்னு ஆசையா? ரேபிஸ் தடுப்பூசியைத் தேதி தவறாம போடுங்க. நாய்க்கடியோட தினமும் வர்றவங்களைப் பார்க்கிறவன் சொல்றேன், அதுக்கு ஈடான பேக்கேஜ் எதுவும் இல்லை.