மாமன் பணத்தில் ஒரு போர்

ஸ்டான்லி குப்ரிக்கின் முதல் கதைப்படமான 'ஃபியர் அண்ட் டிசையர்' 1953இல் நியூயார்க்கில் வெளியானது. அதன்பிறகு பல ஆண்டுகள் அது கண்ணில் படவே இல்லை. படாமல் போனதில் இயக்குநருக்கே பெரும் பங்குண்டு. 1994இல் நியூயார்க் ஃபிலிம் ஃபோரம் அரங்கில் அதைத் திரையிட்டபோது, வார்னர் நிறுவனம் வழியாகப் பத்திரிகைகளுக்குக் கடிதம் போக வைத்தார். தட்டுத்தடுமாறி எடுத்த கற்றுக்குட்டிப் படம், பொருட்படுத்தாதீர்கள் என்பது சாரம். பெற்றவனே பிள்ளையைக் கைகழுவினால் ஊர் சீராட்டுமா? விமர்சகர்களில் பலரும் அந்தக் கடிதத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். நாம் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

எதிரிப் பகுதிக்குள் விமானம் விழுந்து மாட்டிக்கொண்ட நான்கு சிப்பாய்கள், ஒரு காடு, ஓர் ஆறு. எந்த நாடு, எந்தப் போர் என்று படம் சொல்வதில்லை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பது மட்டும் நமக்குத் தெரியும். படம் பிடிக்கும்போது குப்ரிக்குக்கு வயது 22. 'லுக்' பத்திரிகைப் புகைப்படக்காரர் வேலையை விட்டு வந்தவர், கையில் இரண்டொரு குறும்பட அனுபவம். பணம் போட்டது தாய்மாமன் மார்ட்டின் பெர்வெலர். கலிஃபோர்னியாவில் மருந்துக்கடை நடத்தியவர். சான் கேப்ரியல் மலையில் படப்பிடிப்பு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் ஒரே ஆள். காமிராவை நகர்த்தக் குழந்தைத் தள்ளுவண்டி. மூடுபனி வேண்டுமென்று பூச்சிமருந்துத் தெளிப்பானை வைத்து அடித்ததில் நடிகர்களுக்கு மூச்சுமுட்டிப் போனதாம்.

சின்ன பட்ஜெட் படம் என்றால் குறைகளையெல்லாம் காசில்லாத குறை என்று மன்னித்துவிடுவது நம் வழக்கம். இந்தப் படத்தில் அந்தக் கணக்கு உதவாது. காசில்லாத இடங்களில்தான் படம் நன்றாக இருக்கிறது.

குடிசைத் தாக்குதலைப் பாருங்கள். எதிரிச் சிப்பாய்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நம் ஆட்கள் பாய்கிறார்கள். சண்டைக்காட்சிக்கு வேண்டிய ஆளும் இல்லை, வெடியும் இல்லை. அதனால் காமிரா கைகளைப் பார்க்கிறது. ஒரு கை ரொட்டியைப் பிசைகிறது, தட்டிலிருந்த குழம்பு தரையில் சிந்துகிறது, செத்துக்கொண்டிருக்கும் முகம் ஒரு நொடி வந்து போகிறது. கொன்றவர்கள் பிறகு அதே சாப்பாட்டை, பிணங்கள் கிடக்கும் அதே அறையில், பசியோடு சாப்பிடுகிறார்கள். பெரிய முதலாளி கிடைத்திருந்தால் இந்த இடத்தில் பத்துப் பேர் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

எதிரித் தளபதியாகவும் அவரது உதவியாளராகவும் வருகிறவர்கள், நம் பக்கத்துச் சிப்பாய்களாக நடித்த கென்னத் ஹார்ப்பும் ஸ்டீவ் காய்ட்டும்தான். தன் முகத்தையே கொண்ட எதிரியைச் சுட வேண்டியிருக்கிறது. சிக்கனமா, சிந்தனையா என்று பிரித்துச் சொல்ல முடியாத யோசனை.

படத்தைக் கெடுப்பது பேச்சு. எழுதியவர் குப்ரிக்கின் பள்ளித் தோழர் ஹோவர்ட் சாக்லர். பின்னாளில் நாடகத்துக்குப் புலிட்சர் பரிசு வாங்கியவர். இங்கே நான்கு சிப்பாய்களும் நான்கு தத்துவ மாணவர்கள். உயிர் போகும் நேரத்திலும் மனக்குரலில் கவிதை. காகிதத்தில் எழுதக் காசா பணமா? எழுதித் தள்ளிவிட்டார்கள். செலவு வேறிடத்தில் காத்திருந்தது. ஒலியில்லாமல் எடுத்துப் பிறகு குரல் சேர்த்தால் மிச்சம் என்று கணக்குப் போட்டார் குப்ரிக். படப்பிடிப்புக்குச் சுமார் 10,000 டாலர்தான் ஆனது. ஒலிக்கு அதைவிட அதிகம் பிடித்துவிட்டது. பேசுகிற இருவரின் பார்வை திசை மாறி வெட்டுப்படும் பிழைகளும் நிறைய. அவற்றையாவது பழகாத கை என்று விட்டுவிடலாம்.

மரத்தில் கட்டப்பட்ட பெண்ணும் அவளுக்குக் காவலிருக்கும் சிப்பாய் சிட்னியும் வரும் பகுதியைத் தனியே சொல்ல வேண்டும். சிட்னியாக வரும் பால் மசுர்ஸ்கி (பிறகு இவரும் இயக்குநரானார்) கொஞ்சம் மிகையாகத்தான் நடிக்கிறார். தளபதியைப் போல் நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார், உள்ளங்கையில் தண்ணீர் கொடுக்கிறார், கட்டை அவிழ்க்கிறார், அவள் ஓடும்போது சுட்டுவிடுகிறார். அந்தப் பெண்ணுக்குப் படம் ஒரு வாக்கியம்கூடத் தரவில்லை. அவள் ஒரு சாக்காக மட்டுமே இருக்கிறாள். இது சின்னக் குறையல்ல. ஆனால் புத்தி பிசகுகிற அந்த முகத்தை நெருங்கிப் பார்க்கும் காமிரா, குப்ரிக்கின் 1987 படமான 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'டில் கழிப்பறையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கும் சிப்பாயையும் அப்படித்தான் பார்க்கும். 34 வருட இடைவெளியில் கை தேர்ந்திருக்கிறது, பார்வை அதேதான்.

தன் படைப்பைக் குறைத்துச் சொல்ல எந்தக் கலைஞனுக்கும் உரிமை உண்டு. பார்க்காதே என்று சொல்லும் உரிமையை நாம் தர வேண்டியதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் செப்பனிட்ட பிரதி 2012 முதல் வட்டாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரப் படம். குப்ரிக்கின் பிற்காலப் போர்ப்படமான 'பாத்ஸ் ஆஃப் குளோரி'க்கு முன்னால் பார்த்துவிடுங்கள். குறும்படம் எடுக்கும் நண்பர்கள் குடிசைக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டு இன்னொரு முறையும் பாருங்கள். எங்கள் கருத்தோடு சண்டை இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம்.