கழுவினால் போகும் அழுக்கா அது?



நம் காஞ்சிபுரத்தில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்ததும் தந்தை ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். கல்லூரியில் படிக்கும் மகனின் பையில் கிடைத்ததாகக் கூறி, விரல் நீளக் கருவி ஒன்றைக் காட்டினார். வேப் எனப்படும் மின்னணு சிகரெட் அது. கருவியைவிட மகன் சொன்ன பதில்தான் அவரை அதிகம் கலங்கச் செய்திருந்தது: “புதுசுதான் அத்தா. வெந்நீரில் நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகுதான் பயன்படுத்தினேன்.”

பிள்ளை பொய் சொல்லவில்லை. சிறுவயதில் நாம் கற்பித்த சுத்தத்தைத்தான் கடைப்பிடித்திருக்கிறான். நம்முடைய கற்பித்தல் பாதியில் நின்றுவிட்டது என்பதே நம் வருத்தம்.

கழுவுவதால் பயனே இல்லை என்று நாம் வாதிடப் போவதில்லை. தொழிற்சாலையில் ஒட்டிய எண்ணெயும் தூசியும் வெதுவெதுப்பான நீரில் போய்விடும். திரவம் ஊற்றும் குப்பியையும் வாய் வைக்கும் முனையையும் கழுவலாம். ஆனால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருளையும் பஞ்சையும் என்ன செய்வது? மின்கலம் அந்தச் சுருளைச் சூடாக்குகிறது. பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் செல்கிறது. 2018-இல் வெளியான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வு, பயன்பாட்டில் இருந்த கருவிகளின் ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு ஆகிய உலோகங்களைக் கண்டது. கருவிக்குள் ஊற்றுவதற்கு முன் திரவத்தில் அவை மிகக் குறைவாகவே இருந்தன. சுருளோடு சேர்ந்த பிறகே கூடின. பயன்படுத்தும்போதே உண்டாகும் அழுக்கை, பயன்படுத்துவதற்கு முன் எப்படிக் கழுவுவது?

பட்டு நெய்யும் ஊரில் இதை விளக்குவது எளிது. சாயம் ஏற்றுவதற்கு முன் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அவிப்பார்கள். இழையின் மேல் படிந்திருக்கும் பசை, எடையில் ஏறத்தாழக் கால் பங்கு, கரைந்து வெளியேறும். மிஞ்சுவது மினுமினுக்கும் பட்டு. கழுவிய பின் மிஞ்சுவதற்கு அங்கே நல்லதொரு பொருள் இருந்தது. அந்த இளைஞன் கழுவிய கருவியில் மிஞ்சியது நிகோட்டின். ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்று அதற்கு வரம்பு விதித்திருக்கிறது. நம் தெருவில் கைமாறும் கருவியில் எவ்வளவு என்பதற்கு யார் பொறுப்பு?

“மாம்பழம், புதினா வாசனைகள்தானே, உணவில் சேர்ப்பவைதானே” என்றும் கேட்கிறார்கள். வயிறு ஏற்பதை நுரையீரல் ஏற்காது. வைட்டமின் ஈ அசிடேட் தோலில் பூசும் களிம்பிலும் சத்து மாத்திரையிலும் இருக்கிறது. அதையே கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் கருவிகளில் கலந்து விற்றதால், பெரும்பாலும் அதனாலேயே, 2019-இல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டதாகவும் 68 பேர் இறந்ததாகவும் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. அவர்களும் சுத்தமான புதிய கருவி என்றுதான் நம்பி வாங்கியிருப்பார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுவோம். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து டிசம்பரில் முழுச் சட்டமான தடை, மின்னணு சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் அனைத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. விற்பவருக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயினும் செல்போன் உறைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்து விற்கும் கடைகளில் நம்மவர் கடைகளும் உண்டு. துபாயிலிருந்து வரும் உறவினர் அத்தர் பாட்டிலோடு இதையும் பெட்டியில் வைத்துக் கொண்டு வருவதும் உண்டு. இந்த வருமானம் ஹலாலா என்று அந்த வியாபாரி எந்த ஆலிமிடமாவது கேட்டதுண்டா? மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 2015 டிசம்பரிலேயே வேப் பிடிப்பது ஹராம் என்று அறிவித்துவிட்டது.

இளைஞர்களை மட்டும் சாடிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. பூண்டும் வெங்காயமும் உண்ட வாடையோடு பள்ளிக்கு வருவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நம் பெரியவர்களோ பள்ளிவாசல் படியருகே சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு ஒளுச் செய்யப் போகிறார்கள். கேட்டால் மக்ரூஹ்தான் என்கிறார்கள். உடல் இறைவன் தந்த அமானிதம் என்று மிம்பரில் சொல்லும் நாம், அந்தப் படியருகே மட்டும் வாய் திறப்பதில்லை. இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, பழ வாசனையோடு வரும் வேப் சிகரெட்டைவிடத் தூயதாகத் தோன்றியதில் வியப்பென்ன?

அந்தத் தந்தை மகனை அடிக்கும் மனநிலையில் இருந்தார். அடிக்க வேண்டாம், நிகோட்டினுக்குப் பழகிய உடலுக்கு உதவி தேவை என்றோம். புகையிலையை விட விரும்புவோருக்கான அரசின் கட்டணமில்லா எண் 1800-11-2356 என்பதைக் கொடுத்தோம். அவரும் புகைப்பவர். தலையைக் குனிந்தபடி, அந்த எண்ணை இருவருக்குமாகக் குறித்துக்கொண்டார்.