வீடு விற்பனைக்கு... கிரைண்டர் இல்லை!

வீட்டை விக்கறதுன்னு முடிவெடுத்துட்டா எல்லார் வீட்டுலயும் ஒரே கதைதான் மக்களே. ஹாலுக்கு பெயின்ட், வாசல் கேட்டுக்கு கறுப்பு எனாமல்... அப்புறம் குடும்பமே அடுப்படியில வந்து நின்னு தலையைச் சொறியும். காரணம் இருக்கு. வீடு பார்க்க வர்ற ஆம்பளைங்க மொட்டை மாடிக்கும் பத்திரத்துக்கும் போயிடுவாங்க. கூட வர்ற அத்தையோ மாமியாரோ நேரா கிச்சனுக்குத்தான் வருவாங்க. குழாயைத் திறப்பாங்க, சிங்க்குக்குக் கீழே குனிஞ்சு பார்ப்பாங்க, மேடையில விரலை வச்சு இழுத்துட்டு அந்த விரலையே உத்துப் பார்ப்பாங்க. பேரம் அங்கேயே ஆரம்பிச்சாச்சு!

மதுரையில எங்க பெரியப்பா வீடு இப்போ இந்த ஸ்டேஜ்லதான் இருக்கு. 1998-ல கட்டின வீடு. கடனை அடைக்க விக்கறாங்க. புரோக்கர் வந்தார், ஒரு லிஸ்ட்டை நீட்டினார். சிம்னி, கண்ணாடி மேல பர்னர் வச்ச ஹாப் அடுப்பு, மைக்ரோவேவ் அவன், சுவத்துல மாட்டற ஆர்.ஓ. மெஷின். "இதெல்லாம் போட்டுட்டீங்கன்னா வீடு ஜம்முனு போயிடும் சார்!" பெரியம்மா கையில மிச்சம் இருக்கறது நாலு வளையல். அதை பேங்க்ல வச்சு லிஸ்ட்டை முடிச்சுடலாம்னு பெரியப்பாவுக்கு யோசனை. எலெக்ட்ரிக்கல் படிக்கறேன்கிற ஒரே தகுதியில எங்கிட்டயும் கேட்டார். "ஏம்மா, நீ கரன்ட்டு படிப்புதானே படிக்கிற... சொல்லு, வாங்கவா?"

"வேண்டாம் பெரியப்பா"ன்னேன்.

யோசிச்சுப் பாருங்க. கடையை விட்டு வெளியே வந்த நிமிஷமே சிம்னி செகண்ட் ஹேண்ட் ஆயிடுது. வாங்க வர்ற குடும்பத்துல கல்யாணச் சீர்ல வந்த ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அதை வைக்க இடமும், சொருக பிளக்கும்தான் அவங்களுக்கு வேணும். இன்னொண்ணு... இருபத்தஞ்சு வருஷ வீட்டை வாங்கறவங்க முதல்ல இடிக்கறது கிச்சன் மேடையைத்தான். நீங்க ஆசையா மாட்டின ஹாப் அன்னிக்கே மூட்டையைக் கட்டும்!

அப்போ எதுல செலவு பண்றது? பாயின்ட்டுல. மெஷின் வரும், போகும். சுவத்துக்குள்ள ஓடுற வயர் வீட்டோடதான் இருக்கும்.

பெரியப்பா கிச்சன்ல மிக்ஸி சொருகற பிளக் ஓட்டையைச் சுத்தி பழுப்பு கலர்ல தீஞ்சு போயிருந்தது. அதே பிளக்லதான் இண்டக்ஷன் அடுப்பும் ஓடிட்டிருக்கு. கணக்கு ரொம்ப சிம்பிள். 2,000 வாட்ஸ் அடுப்பை 230 வோல்ட்டால வகுத்தா கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். அது மாட்டியிருந்ததோ சின்ன பிளக்... 6 ஆம்பியர் தாங்கற ரகம். உள்ளே பித்தளைத் துண்டு சூடாகி, பிடி தளர்ந்து, தளர்ந்ததால இன்னும் சூடாகி... இப்படியே போனா ஒருநாள் புகை வரும். வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன் அண்ணன் கூலா சொன்னார்: "விக்கற வீடுதானே? மேல புது பிளேட் மாட்டி விட்டுருவோம். பளிச்சுனு ஆயிடும்."

எனக்கு பகீர்னு ஆயிடுச்சு. வர்றவங்க வீட்டுலயும் ஒரு பெரியம்மா இருப்பாங்கல்ல? அதோட, 1882-ம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டத்துலயே இதுக்கு ஒரு வரி இருக்கு. சாதாரணமா பார்த்தா கண்ணுல படாத பெரிய குறை சொத்துல இருந்து, அது விக்கறவருக்குத் தெரிஞ்சிருந்தா, வாங்கறவர்கிட்ட சொல்லியே ஆகணும் (55-ம் பிரிவு). எரிஞ்ச வயர் மேல புது பிளேட் மாட்டறது சட்டப்படி என்னாகும்னு வக்கீலுங்க பேசிக்கட்டும். என்னைக் கேட்டா, அது திருட்டு வேலை.

பெரியப்பா ஒரு நிமிஷம் யோசிச்சார். "மெயினை ஆஃப் பண்ணுப்பா, வயரை உருவு"ன்னுட்டார். உருவினதுல ஒரு அடிக்கு மேல இன்சுலேஷன் அப்பளம் மாதிரி நொறுங்குச்சு. பாக்ஸ்ல இருந்து நேரா 4 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்து, அதுக்குன்னு தனி எம்.சி.பி. வச்சு, எர்த்தோட ரெண்டு 16 ஆம்பியர் பாயின்ட். மொத்த வீட்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒண்ணு. ஷாக் அடிச்சா கண் இமைக்கற நேரத்துல கரன்ட்டை வெட்டி விடுற சமாசாரம் இது. எல்லாம் சேர்த்து லிஸ்ட்ல இருந்த சிம்னி விலைகூட ஆகலை. வளையல் பெரியம்மா கையிலேயேதான் இருக்கு!

சிம்னிக்குப் பதிலா பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழட்டிக் கழுவினோம். சுடுதண்ணியில துணி சோடா போட்டு ஊற வச்சா எண்ணெய்ப் பிசுக்கு கழண்டு வந்துடும். ஏற்கெனவே சிம்னி இருக்கற வீட்டுக்காரங்களுக்கு ஒரு விஷயம்... ஃபில்டர் அலுமினியமா இருந்தா காஸ்டிக் சோடா பக்கமே போகாதீங்க. அரிச்சு எடுத்துடும், பிளஸ் டூ கெமிஸ்ட்ரிதான்! சிம்னியைக் கழட்டிட்டுப் போறதா இருந்தா, வீட்டைக் காட்டறதுக்கு முன்னாடியே கழட்டிடுங்க. அது இருந்த இடம் மட்டும் வெள்ளையா, சுத்தி மஞ்சளா நிக்கற சுவத்தை ரிஜிஸ்டர் அன்னிக்குப் பார்த்தா யாருக்குத்தான் கோபம் வராது?

வேலை நடக்கும்போது நடக்கற கொடுமை தனிக் கதை. டைல்ஸ் வெட்டற தூசி மாவு மாதிரி பறக்கும். மிக்ஸி, கிரைண்டர் மோட்டார் எல்லாத்துலயும் காத்து போக ஓட்டை இருக்கு, தூசியும் அதே வழியா ஜாலியா உள்ளே போயிடும். அதனால வேலை ஆரம்பிக்கறதுக்கு முந்தின நாளே எல்லாத்தையும் வேற ரூமுக்கு மாத்தி, பழைய வேட்டியால மூடிடுங்க. ஆனா ஓடிட்டிருக்கற ஃப்ரிட்ஜைப் போர்த்தாதீங்க பாஸ்! பின்னாடியும் பக்கவாட்டுலயும் சூட்டை வெளியே தள்ளித்தான் உள்ளே ஜில்லுனு வைக்குது அது. இடம் மாத்தும்போது நிமித்தியேதான் தூக்கணும். படுக்க வச்சுக் கொண்டுபோயிட்டா, கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள்ள போயிருக்கும், சில மணி நேரம் நிமித்தி வச்சுட்டு அப்புறம் ஆன் பண்ணுங்க. வீடு கொஞ்ச நாள் பூட்டிக் கிடக்கும்னா ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணித் துடைச்சு, கதவை லேசாத் திறந்தே வைங்க. மூடி வச்சா உள்ளே பூஞ்சக் காளான் பண்ணை ரெடி!

இப்போ சண்டை மேட்டருக்கு வருவோம். பெரியப்பா தெருவுலயே ஒரு வீடு கைமாறினப்போ கீசருக்காக ரெண்டு குடும்பமும் மாசக்கணக்கா பேசிக்காம இருந்தாங்க. "வீட்டோட சேர்ந்தது"ன்னு இவங்க, "நாங்க தனியா வாங்கி மாட்டினது"ன்னு அவங்க. அதே 1882 சட்டம் ஒரு அளவுகோல் வச்சிருக்கு. மண்ணுல புதைஞ்சது, கட்டடத்தோட நிரந்தர உபயோகத்துக்காக அதுல பொருத்தினது... இதெல்லாம் அசையாச் சொத்தோட சேர்த்தி. அப்படிப் பார்த்தா, பெரியப்பா வீட்டுப் பின்கட்டுல தரையில புதைச்சு வச்சிருக்கற ஆட்டுக்கல் வீட்டோட போகும். மேடை மேல உக்காந்திருக்கற டேபிள் டாப் கிரைண்டர் போகாது. நாலு ஸ்குருவுல தொங்கற கீசரும் சிம்னியும்தான் ரெண்டுங்கெட்டான் கேஸ். அதுக்கு வழி ஒண்ணுதான். எது இருக்கும், எது போகும்னு விற்பனை ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. ஃப்ரிட்ஜையும் விட்டுட்டுப் போறதா இருந்தா "அஞ்சு ஸ்டார்"னு மட்டும் பெருமை பேசாதீங்க. ஸ்டார் அளவுகோலை அப்பப்போ கடுமையாக்கிட்டே வர்றாங்க. பழைய லேபிள்ல இருக்கற அஞ்சு ஸ்டார் இன்னிக்கு அஞ்சு இல்லை.

கேஸ் சிலிண்டரை யாரும் ஒப்பந்தத்துல சேர்த்துடாதீங்க. சிலிண்டரும் ரெகுலேட்டரும் டெபாசிட் வாங்கிட்டு ஆயில் கம்பெனி கொடுத்தது, கனெக்‌ஷன் ஒருத்தர் பேர்ல இருக்கறது. அதை வீட்டோட வித்துட முடியாது. வெளியூர் போறீங்கன்னா ஏஜென்சியில ரெண்டையும் ஒப்படைச்சு, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிட்டு, மாறுதல் பேப்பரையும் கையில வாங்கிக்கங்க. உள்ளூர்னா முகவரி மாத்தணும். அடுப்பு உங்களுது, தாராளமாத் தூக்கிட்டுப் போகலாம். ஆரஞ்சு ட்யூப்புக்கு ஆயுசு அஞ்சு வருஷம்தான், தேதி பார்த்துக்கங்க.

செத்துப்போன மிக்ஸியையும் பழைய ஃப்ரிட்ஜையும் காயலான் கடைக்குத் தூக்கிப் போடறதுதான் நம்ம ஊர் பழக்கம். அங்கே கம்ப்ரஸர் குழாயை அப்படியே வெட்டுவாங்க, உள்ளே இருக்கற வாயு காத்தோட போயிடும். 2023 ஏப்ரல்ல இருந்து நடைமுறையில இருக்கற மின்கழிவு விதிகள்ல ஃப்ரிட்ஜ், மிக்ஸி மாதிரி ஐட்டங்களும் அடக்கம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போகணும். புது மெஷின் வாங்கற கடையில எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்கறதா இருந்தா, பழசு எங்கே போகும்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

போன வாரம் பெரியம்மாவே உக்காந்து லிஸ்ட் எழுதினாங்க. எக்ஸாஸ்ட் ஃபேன் - இருக்கும். ஆட்டுக்கல் - இருக்கும். ஆர்.சி.சி.பி. - இருக்கும் (ஸ்பெல்லிங் நான் சொன்னேன்!). கீசர் - பேசிக்கலாம். கடைசி வரியில, 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல கிடைச்ச விலையில்லா கிரைண்டர். அதுக்கு நேரா "தர மாட்டோம்"னு எழுதி, ரெண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்காங்க.