துண்டுக்கு அடியில் என்ன பேசினார்கள்?

நம் திண்டுக்கல் பக்கத்து மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கையோடு கை சேர்த்து, மேலே துண்டைப் போட்டு, விரலைப் பிடித்தே பேரத்தை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்குத் தொகை தெரிந்தால், அடுத்த மாட்டின் விலையே மாறிவிடுமே!

விமானிகள் சங்கமும் கம்பெனியும் சம்பள ஒப்பந்தம் பேசுவதும் இதே துண்டுக் கணக்குதான். 'குறைந்தது இவ்வளவு வந்தால் சரி' என்பதைச் சங்கம் சொல்லாது. 'அதிகபட்சம் இவ்வளவு தரலாம்' என்பதைக் கம்பெனி காட்டாது. இதில் தப்பே இல்லை.

ஆனால், போராட்டத்தையே மறைத்தால்? 2009-ல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் தொடங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய இருவரை நிர்வாகம் வேலையை விட்டு நீக்கியது. செப்டம்பர் 8 முதல் நூற்றுக்கணக்கான விமானிகளுக்கு ஒரே நேரத்தில் 'உடம்பு சரியில்லை'. விமான சேவையில் முன்கூட்டி நோட்டீஸ் தராமலோ, சமரசப் பேச்சு நடக்கும்போதோ வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடம் தராது. அதனால்தான் இந்த வழி. ஐந்து நாள் தவிப்புக்குப் பிறகு சமரசம் ஆனது. நீக்கப்பட்டவர்களுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நடுவில் அல்லாடியது டிக்கெட் எடுத்த பயணிகள்தான்.

இன்று அந்த வழியும் குறுகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் புதிய தொழிலாளர் சட்டப்படி, 50 சதவீதமோ அதற்கு மேலோ பேர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம்தான்.

இன்னொரு ரகசியமும் இருக்கிறது. சொந்த உறுப்பினர்களிடமே மறைப்பது. சந்தையில் மாட்டுக்காரர் தன் மாட்டுக்குத்தான் விரல் பிடிக்கிறார். சங்கத்தில் சில தலைவர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்காகப் பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானிகள் சங்கம் பேசி முடித்த ஒப்பந்தம் 2022-ல் உறுப்பினர்களிடம் ஓட்டுக்கு வந்தது. 94 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்கள்! மறுபடி பேசி, முன்பைவிடப் பெரிய சம்பள உயர்வோடு வந்த ஒப்பந்தம் 2023-ல்தான் நிறைவேறியது.

நம் ஊரில் அப்படி ஓட்டு எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் மில்லோ, பஸ் டெப்போவோ, பேங்க்கோ... உங்கள் வீட்டில் யாராவது சங்கத்தில் இருந்தால் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: கையெழுத்துக்கு முன்னால் முழு ஒப்பந்தத்தையும் எங்களுக்குக் காட்டுவீர்களா? படித்துப் பார்க்க நாள் தருவீர்களா? வேண்டாம் என்று சொல்ல வழி உண்டா?

பேசும்போது துண்டு இருக்கட்டும். கையெழுத்துப் போடும் முன் எடுத்துவிட வேண்டும்.