ஒரு நாள் பொறுத்தால் குடியா முழுகிவிடும்?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி கொஞ்சம் அதிகம்.

இன்றைக்கு எழுதப் போவது பொட்டி தட்டுகிறவர்கள் சமாச்சாரம். 'பி.காம் படிச்ச பேங்க்காரனுக்கு இதுல என்னய்யா வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். பெங்களூரில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருத்தராவது பொட்டி தட்டுகிறார்கள். அவர்கள் தூக்கம் போனால் நம் தூக்கமும் சேர்ந்தே போகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் அக்கா மகன் எங்களோடுதான் பொம்மசந்திராவில் இருக்கிறான். வேலை எலக்ட்ரானிக் சிட்டியில். 2025 ஆகஸ்டில் மஞ்சள் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு சீக்கிரமே வீடு வந்து, ஏழரைக்கெல்லாம் தட்டில் உட்கார்ந்துவிடுவான். பயலுக்கு எங்கள் வங்கித் தொழில்மேல் ஒரு நிரந்தர இளக்காரம். விருதுநகரில் இருக்கும் எங்க அக்காவுக்குப் புதுக் கணக்கு ஒன்று ஆரம்பித்து, அதில் பணம் போட நெட்பேங்கிங்கில் பெயரைச் சேர்த்தான். உடனே பெரிய தொகை அனுப்ப முடியவில்லை. புதுசாகச் சேர்த்தவருக்கு முதல் 24 மணி நேரம் வரம்பு உண்டு என்று திரையில் வந்தது. "மாமா, நாங்க ஒரு நாளைக்குப் பத்து தடவை புது வெர்ஷன் விடுறோம். நீங்க என் பணத்தை எங்கம்மாவுக்கு அனுப்ப ஒரு நாள் கேக்குறீங்க. உங்களையெல்லாம் மியூசியத்துல வெக்கணும்" என்றான். தங்கமணி வேறு சிரித்தாள். நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

ஆனது ஒரு மாதம். 2025 செப்டம்பர் 8, திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவனுக்கு போன் வந்தது. முகம் வெளிறிவிட்டது. லேப்டாப்பைத் திறந்தவன் விடிகாலை நாலு மணிக்குத்தான் மூடினான்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கல்யாணத்துக்குச் சமையல் காண்ட்ராக்டரிடம் 'ஐநூறு இலை' என்று சொல்கிறோம். அவர் காய்க்கு ஒருத்தரை, இலைக்கு ஒருத்தரை, பாலுக்கு ஒருத்தரைப் பிடிக்கிறார். பால்காரர் வேறு யாரிடமோ வாங்குகிறார். நாம் அவர்களில் யாரையும் பார்த்ததில்லை. மென்பொருளும் இப்படித்தான் தயாராகிறது. ஒருவர் எழுதிய துண்டு நிரலை இன்னொருவர் எடுத்துத் தன்னுடையதில் சேர்ப்பார். இந்தத் துண்டுகளுக்குப் 'பேக்கேஜ்' என்று பெயர். எது எதற்கு எது வேண்டும் என்று பார்த்து எல்லாவற்றையும் இறக்கிக் கொடுக்கிற காண்ட்ராக்டர்தான் 'பேக்கேஜ் மேனேஜர்'. ஜாவாஸ்கிரிப்ட் உலகத்தில் பெரிய கிடங்கு என்பிஎம். அதிலிருந்து சரக்கு எடுத்துத் தரும் கருவிகளில் ஒன்று பிஎன்பிஎம்.

இனி அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பலரும் பயன்படுத்தும் பேக்கேஜ்களைப் பராமரிக்கும் ஒருவருக்கு, என்பிஎம் நிர்வாகத்திடமிருந்து வந்த மாதிரியே ஒரு மின்னஞ்சல். 'உங்கள் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் புதுப்பியுங்கள், இல்லாவிட்டால் 10-ஆம் தேதி முதல் கணக்கு முடக்கப்படும்.' எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? 'கேஒய்சி அப்டேட் செய்யாவிட்டால் இன்றிரவு கணக்கு நிறுத்தப்படும்' என்று நம் அம்மாக்களுக்கு வருகிற அதே எஸ்எம்எஸ்தான்! மனிதர் ஏமாந்துவிட்டார். நம் நேரப்படி அன்று மாலை ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், சாக், டீபக் உள்ளிட்ட 18 பேக்கேஜ்களில் நச்சு கலந்த புது வெர்ஷன் கிடங்கில் ஏறியது. அந்தப் பதினெட்டும் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடி தடவைக்கு மேல் இறக்கப்படுகிறவை. அந்த நச்சின் வேலை என்ன தெரியுமா? யாராவது கிரிப்டோ பணம் அனுப்பும்போது, பெறுகிறவர் முகவரியைப் பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் திருடன் முகவரியாக மாற்றிவிடுவது. செக்கில் பெயரைத் திருத்துகிற வேலை. நாங்கள் பார்க்காத திருட்டா?

சுமார் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்து, நச்சு வெர்ஷன்களை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அக்கா மகன் டீமில் ஒரு பெண் வழக்கம்போல அப்டேட் கட்டளையைத் தட்டியிருக்கிறாள். சேலம் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். கம்பெனிக்குக் காசு நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் அமெரிக்க வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுக்க வேண்டுமே! 'யார் தட்டினது?' என்று கேள்வி வந்தது. அந்தப் பெண்ணிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள்.

என் கோபம் இங்கேதான் ஆரம்பம்.

அதே செப்டம்பரில் பிஎன்பிஎம்-இன் 10.16 வெர்ஷன் வந்தது. அதில் ஒரு புது வசதி, பெயர் 'மினிமம் ரிலீஸ் ஏஜ்'. ஒரு பேக்கேஜ் கிடங்கில் ஏறி இத்தனை நிமிடம் ஆன பிறகுதான் எடுப்பேன் என்று அமைத்துக்கொள்ளலாம். 1440 என்று போட்டால் ஒரு நாள். அதாவது, மியூசியத்தில் வைக்க வேண்டிய எங்கள் 24 மணி நேரமேதான்! அந்தச் செப்டம்பர், அக்டோபரிலேயே யார்ன், பன் போன்ற கருவிகளிலும் இதே வசதி வந்துவிட்டது. செப்டம்பர் 8-க்கு முன்பே இது இருந்து, அந்தப் பெண்ணின் கணினியில் 1440 என்ற ஒரே ஒரு வரியும் இருந்திருந்தால், இரண்டு மணி நேரமே இருந்த அந்த நச்சு அவளிடம் வந்தே இருக்காது.

நல்ல வசதிதானே, அப்புறம் என்ன கோபம் என்கிறீர்களா? 10.16-இல் அது வந்தபோது, நாமாக எதுவும் எழுதாவிட்டால் அதன் அளவு பூஜ்யம். தெரிந்தவன் போட்டுக்கொள்வான். நாலு மாதம் முன்பு சேர்ந்த பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

எங்கள் கிளைக்கு வருகிற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தர்மபுரிக்காரர், ஜிகனி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. போனில் எவனோ மிரட்டியதில், அவன் சொன்ன கணக்கைத் தன் கையாலேயே சேர்த்துவிட்டார். முழுச் சேமிப்பையும் அனுப்பப் பார்த்திருக்கிறார். புதுப் பெயர் என்பதால் வரம்பு தடுத்துவிட்டது. மறுநாள் காலையில் கிளை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். சின்னத் தொகை ஒன்று போயிருந்தது, பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் மிஞ்சியது. 'உங்களுக்குக் காத்திருப்பு வேண்டுமா, வேண்டாமா' என்று நாங்கள் அவரிடம் கேட்டு, அவர் டிக் அடித்தா அது இயங்கியது? கேட்டிருந்தால் 'வேண்டாம் சார்' என்றுதான் சொல்லியிருப்பார். எல்லோருக்கும் பொதுவாகப் பூட்டு போட்டிருந்ததால் பிழைத்தார்.

பாதுகாப்பை 'வேண்டுமானால் போட்டுக்கொள்' என்று விட்டால், தப்பு நடக்கும்போது பழி கடைசியில் நிற்கிறவன் தலையில் விழும். வங்கியில் கிளார்க் மேல் மெமோ, கம்பெனியில் ட்ரெய்னி மேல் விளக்கக் கடிதம். பூஜ்யம் என்று வைத்த மேசையில் இருப்பவரிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

இவர்களுக்கு இது தெரியாததும் இல்லை. 2025 ஜனவரியில் வந்த அதே பிஎன்பிஎம்-இன் 10-ஆம் வெர்ஷனில் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். பேக்கேஜை இறக்கும்போதே அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் தானாக ஓடுவதை நிறுத்திவிட்டார்கள். யார் யாருடையது ஓடலாம் என்று நாம்தான் பட்டியல் தர வேண்டும். நிறையப் பேர் முணுமுணுத்தார்கள். 2025 நவம்பரில் 'ஷாய்-ஹூலூத்' என்ற புழுவின் இரண்டாவது அலை, நிறுவலுக்கு முன்பே ஓடுகிற அந்த மாதிரி ஸ்கிரிப்ட் வழியாகத்தான் பரவியது. பூட்டு முன்கூட்டியே போட்டிருந்தவர்கள் வீட்டில் அதற்கு அந்தக் கதவு திறக்கவில்லை. ஜனவரியில் இருந்த துணிச்சல் செப்டம்பரில் எங்கே போனது?

எதிர்வாதங்களையும் பார்ப்போம். எல்லாம் நம்ம பயல் சொன்னவைதான்.

ஒன்று. "அவசரமான பாதுகாப்புத் திருத்தம் வந்தா ஒரு நாள் காத்திருக்கிறது ஆபத்து இல்லையா?" ஆபத்துதான். அதற்குத்தான் 10.16-லேயே விலக்குப் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட பேக்கேஜுக்கு மட்டும் தளர்த்தலாம். எங்களிடமும் மேனேஜர் கையெழுத்துப் போட்டுத் தளர்த்துகிற வழக்கம் உண்டு. யார் தளர்த்தினார், ஏன் தளர்த்தினார் என்று ரெக்கார்டு இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு. "எல்லாரும் காத்திருந்தா நச்சை யாரு கண்டுபிடிப்பா?" கேட்க சாமர்த்தியமாக இருக்கிறது. ஆனால் கிடங்கில் ஏறுகிற புது வெர்ஷன்களை அலசிப் பார்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் பாதுகாப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. செப்டம்பர் 8 விஷயத்திலும் முதலில் எச்சரித்தவர்களில் அவர்கள் உண்டு. நம்ம மெட்ரோவிலும் பாதுகாப்பு ஆணையர் வந்து பார்த்த பிறகுதானே ஜனங்களை ஏற்றினார்கள்? 'முதல் நாள் ஏத்திப் பார்ப்போம், தண்டவாளம் சரியில்லேன்னா சொல்லுவாங்க' என்று யாராவது சொன்னார்களா?

மூன்று. "நச்சு ஒரு நாளுக்கு மேல் தூங்கினா?" இது நியாயமான கேள்வி. 2024 பிப்ரவரி கடைசியில் வந்த எக்ஸ்இசட் பின்கதவு ஒரு மாதம் யார் கண்ணிலும் படவில்லை. லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்து, மார்ச் 29-இல் வெளியே சொன்னார். டெபியன் லினக்ஸின் சோதனைக் கிளைகளில் அது நுழைந்துவிட்டது. ஆனால் ஜனங்கள் பயன்படுத்தும் நிலையான வெர்ஷனுக்குள் போகவில்லை. காரணம், அங்கே புதுச் சரக்கு படிப்படியாகத்தான் உள்ளே வரும். ஒரு நாள் காத்திருப்பு எல்லாத் திருட்டையும் தடுக்கும் என்று நான் சொல்லவில்லை. வாசல் கதவைப் பூட்டினால் கன்னக்கோல் வைக்கிறவன் வரமாட்டானா என்ன? அதற்காகத் திறந்து போட்டா தூங்குகிறோம்?

ஆகவே பேக்கேஜ் மேனேஜர் எழுதுகிற புண்ணியவான்களுக்கு ஒரு பி.காம்காரனின் கோரிக்கை. காத்திருப்பு வசதி எந்தக் கருவியில் வந்தாலும், பெட்டியைத் திறக்கும்போதே அது இயங்க வேண்டும். வேண்டாம் என்கிறவன் தன் கையால் பூஜ்யம் போட்டுக்கொள்ளட்டும். பொறுப்பும் அவனுடையது.

வீட்டில் பொட்டி தட்டுகிற பிள்ளை இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: 'உன் மெஷின்ல 1440 இருக்கா கண்ணு?' கூடவே இன்னொன்றும் சொல்லிவையுங்கள். கணக்கை முடக்கப் போவதாக மின்னஞ்சல் வந்தால், அதிலிருக்கும் லிங்க்கைத் தொடாமல் நேராகத் தளத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். அம்மாவுக்குச் சொல்கிற அதே புத்திமதிதான், பொறியாளருக்கும் வேண்டியிருக்கிறது.

அந்தச் சேலத்துப் பெண்ணுக்கு வேலை போகவில்லை. கடிதம் மட்டும் ஃபைலில் இருக்கிறது. நம்ம பயல் தன் டீம் முழுக்க அந்த ஒரு வரியைப் போட வைத்துவிட்டான். மியூசியம் பற்றி இப்போதெல்லாம் பேச்சே இல்லை.

டிஸ்கி: தொழில்நுட்ப விவரங்களை அவனிடமே வாசித்துக் காட்டித்தான் போடுகிறேன். "எல்லாம் சரிதான் மாமா, ஆனா அந்த சாம்பார் மேட்டரை எடுத்துடுங்க" என்றான். எடுக்கவில்லை.