தோராயமாக

என் தமக்கையின் பித்தப்பை அறுவைக்கு எவ்வளவாகும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டேன். ‘தோராயமாக...’ என்று இழுத்துவிட்டு முன்பணத்தைக் கட்டச் சொன்னார்கள். இறுதி ரசீதிலோ பஞ்சு, கையுறை வரை பைசாச் சுத்தமான துல்லியம். இத்துல்லியம் முதல்நாள் எங்கே போயிற்று?

ஒவ்வோர் உடலும் வேறு, செலவை முன்கூட்டிச் சொல்லவியலாது என்பார்கள். சிக்கல் நேர்ந்தால் கூடும்; ஒப்புகிறேன். அறை வாடகைக்கும் ஸ்கேனுக்கும் என்ன சிக்கல் நேர்ந்துவிடும்? கட்டணங்களை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டுமென்பது, 2010ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2012இல் வகுத்த விதி. (தமிழகமோ தன் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தனிவழி நிற்கிறது.) விசாரித்துக்கொண்டு வேறிடம் போகலாமே என்பவர்கள், ஸ்ட்ரெச்சரில் வலியால் துடிப்பவளை அருகில் வைத்துக்கொண்டு ஒருமுறை பேரம் பேசிப் பார்க்கட்டும்.