அமில நிலமும் அதற்கேற்ற விதையும்

நீரும் உரமும் இருந்தும் பயிர் வளரவில்லையெனில் வேரைப் பிடுங்கிப் பார்த்தல் வேண்டும். அமில நிலங்களில் அது தடித்துக் குட்டையாகி, நுனி பழுப்பேறியிருக்கக் காணலாம். இது பெரும்பாலும் அலுமினியத்தின் விளைவாகும்.

களிமண்ணின் அமைப்பிலேயே அலுமினியம் அடங்கியுள்ளது. சாதாரண நிலத்தில் அது கரையாது கிடப்பதால் தீங்கில்லை. மண்ணின் பி.எச். அளவு 5-க்குக் கீழே இறங்கினால் அது கரைந்து வேர் நுனியைத் தாக்குகிறது. வேர் ஆழம் செல்லாமையால், சில நாள் மழை தவறினும் பயிர் வாடிவிடுகிறது. இந்தியாவில் ஏறத்தாழ 4 கோடியே 90 லட்சம் ஹெக்டேர் நிலம் அமிலத்தன்மை வாய்ந்தது என்றும், அதில் ஏறக்குறைய பாதியில் பி.எச். அளவு 5.5-க்கும் குறைவு என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. ஆகவே இது ஒரு சில மாவட்டங்களுக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று.

சுண்ணாம்பு இடுவதே பழமையான பரிகாரம். அது நல்ல பரிகாரமே. ஆயினும் மேலே இட்ட சுண்ணாம்பு அடிமண்ணை எளிதில் எட்டுவதில்லை. மேகாலய மலைகளில் சுண்ணாம்புக்கல் மிகுதியாக உண்டு. எனினும் அதைப் பொடித்துச் சரிவிலுள்ள சிறு வயல்களுக்குக் கொண்டு சேர்க்கும் செலவை ஏழை விவசாயி எவ்வாறு தாங்குவான்?

இயற்கை வேறொரு வழியையும் காட்டியுள்ளது. சில கோதுமை வகைகளின் வேர் நுனி மாலிக் அமிலத்தைச் சுரந்து அலுமினியத்தைப் பிணைத்து, அதன் நஞ்சை அடக்குகிறது. இதற்குக் காரணமான ஜீனை ஜப்பானிய, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2004-இல் கண்டறிந்து வெளியிட்டனர். சோளத்தில் சிட்ரிக் அமிலம் இதே பணியைச் செய்கிறது. அதற்குரிய ஜீன் 2007-இல் வெளியாயிற்று. தானியப் பயிர்களுள் நெல்லே இந்நஞ்சை மிகவும் தாங்கவல்லது. பார்லி மிகவும் நலிவடைவது. ஒரே பயிரிலும் வகைக்கு வகை ஆற்றல் வேறுபடும்.

இங்கேதான் நம் கவனம் தேவை. வளமான பண்ணையில் வாரி வழங்கும் விதை, அமில நிலத்திலும் அவ்வாறே விளையும் என்று கொள்ளுதல் தவறு. அமில நில மாவட்டங்களுக்கென ஒரு வகையைச் சிபாரிசு செய்யுமுன், சுண்ணாம்பிடாத அமில நிலத்திலும் அதைப் பயிரிட்டு, விளைச்சலோடு வேரையும் ஆராய்தல் கட்டாயமாக்கப்படல் வேண்டும். மலைநாட்டு உழவர் வழிவழியாகக் காத்துவரும் நெல், சோள வகைகள் மறையுமுன் அவற்றையும் இவ்வாறே சோதித்துப் பாதுகாத்தல் இன்றியமையாதது.

தாங்கும் விதை கிடைத்தால் சுண்ணாம்பு வேண்டாவோ எனச் சிலர் வினவலாம். வேண்டும். விதை மண்ணைத் திருத்துவதில்லை. பயிரைக் காக்க மட்டுமே செய்கிறது. ஆனால் சுண்ணாம்பு வந்து சேராத வயலுக்கு விதையொன்றே துணை. அவ்விதையை அந்நிலத்திலேயே சோதித்துத் தருவது நமது கடமையாகும்.